நண்பகலில் யார் பேசுவது?

பணி ஓய்வு பெற்றோருக்கும் பல்கலைக்கழகப் பழைய மாணவர்க்கும் நண்பகல் விரிவுரை நடத்துவது நற்றொண்டே. ஆயினும் அதன் அமைப்பைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார், இறுதியில் ஐயம் கேட்க ஐந்து நிமிடம், பிறகு நன்றியுரை. இது போதுமா?

பிரான்சின் துலூஸ் நகரில் 1973-இல் முதியோருக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றியது. அங்கே பேராசிரியர் கற்பித்தனர், முதியோர் கற்றனர். 1981-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அம்முறை மாறியது. முதியோரே ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர். இரண்டாம் முறையே சிறந்தது என்பேன். முதுமையை அது வெறுங்கலமாகக் கருதவில்லை.

நம் கரிசல் மண்ணும் இதற்குச் சான்று. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை நிறைவுசெய்யாத சம்சாரி. அறுபதைக் கடந்த அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1989-இல் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. மக்கள் வாய்மொழிக் கதைகள் அவரோடு பல்கலைக்கழகம் புகுந்தன.

அவருக்குக் கோவில்பட்டியில் 2022-இல் நினைவரங்கம் எழுந்தது. அந்நகரின் முதியோருள் ஆலையில் நூல் நூற்றவரும், தீப்பெட்டி ஒட்டியவரும், வானம் பார்த்துப் பருத்தி விதைத்தவரும் உண்டு. அவர்கள் அறிந்தவற்றுள் பல, ஏட்டில் ஏறாமல் அவர்களோடே மறைந்துவிடும். ஆகவே விரிவுரை பாதி நேரம்; மீதி நேரம் கேட்க வந்தவர் பேசட்டும்.

மறையுரை மேடையில் நின்று பழகிய எனக்கும் இது பொருந்தும். பேசுவோர்க்குச் செவிமடுத்தலே கடினமான தவம்.