செய்தவர் பூசிய அழுக்கும் வீடு சேர்த்த தூசியும்

அளவு மாதிரி விமானம் என்பது, உண்மையான விமானம் ஒன்றின் நீளம், அகலம், உயரம் அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த உறுப்புகளை ஒட்டி, வண்ணம் பூசி உருவாக்கப்படுவது. அதைச் செய்து முடித்து அலமாரியில் ஏற்றிய சில நாட்களிலேயே அதன்மீது இருவகை அழுக்கு அமைந்துவிடுகிறது. முதலாவது, செய்தவரே வேண்டுமென்று பூசியது: எஞ்சினின் புகைவாயைச் சுற்றிப் படர்ந்த கரி, வயிற்றுப்புறத்தில் எண்ணெய் கசிந்து காற்றில் இழுபட்ட கோடு, விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் வண்ணம் உரிந்து வெளித்தெரியும் உலோகம் ஆகியன. இரண்டாவது, வீடு தானாகச் சேர்ப்பது. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் வாய்க்காதவர் மாதிரி விமானத்தை முழுமையாக ரசிப்பதும் கடினம், துடைப்பதும் கடினம்; அத்தகையவர் கையில் ஈரத்துணி அகப்பட்டால், வீட்டுத் தூசிக்கு முன்பாகச் செய்தவரின் கைவண்ணமே போய்விடும்.

இந்தக் கண் பழகுவதற்கு, விகிதம் என்ன செய்கிறது என்பதை முதலில் உணர வேண்டும். இத்துறையில் பெருவழக்காக உள்ள 1:72 என்னும் விகிதத்தில் ஆறடி மனிதர் சரியாக ஓரங்குலம் ஆகிறார். 1936-இல் இங்கிலாந்தில் ஃபிராக் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகளும், பின்னர் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான தொகுப்புகளும் இந்த விகிதத்தை உலகெங்கும் பரப்பின. உறுப்புகள் மட்டுமன்றிப் பார்ப்பவரின் இடமும் அதே விகிதத்தில் சுருங்குகிறது என்பதுதான் பலரும் கருதிப் பாராதது. மாதிரியை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பவர், உண்மையில் ஓடுதளத்தின் ஓரத்தில், விமானத்திலிருந்து ஏறத்தாழ 22 மீட்டர் தள்ளி நிற்கிறார். தரையில் நிற்கும் மனிதரின் கண் மட்டம் இந்த விகிதத்தில் இரண்டே கால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மேசைமேல் வைத்து நின்றபடி குனிந்து நோக்குவது, பருந்தின் கண்ணால் பார்ப்பதற்கே ஒப்பாகும். அலமாரித் தட்டின் பரப்பு கண்ணுக்கு நேராக வரும்படி அமர்ந்தோ, தட்டை உயர்த்தியோ பார்க்கும்போதுதான் இறக்கை தலைக்கு மேலே நீண்டு, மூக்கு உயர்ந்து, அந்தச் சிறு பொருள் தன் எடையைக் காட்டத் தொடங்கும்.

தூசியோ எந்த விகிதத்துக்கும் கட்டுப்படாதது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள துகள் ஒன்று 1:72 மாதிரியின் இறக்கையில் விழுந்தால், அது உண்மையான இறக்கையின்மீது ஏழு மில்லிமீட்டர் ஜல்லிச் சில்லு கிடப்பதற்குச் சமம். உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்த உவமை வெறும் கணக்கன்று: கல்குவாரிகளுக்குச் சென்று திரும்பும் டிப்பர் லாரிகள் கிளப்பும் வெண்புழுதி, அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து பறந்துவரும் வைக்கோல் துகள், சமையலறையின் எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய மூன்றும் கலந்தே வீட்டுத் தூசி உருவாகிறது. இவற்றுள் முதலிரண்டும் உலர்ந்தவை, தூரிகைக்கு எளிதில் இணங்குபவை. பிசுக்கு சேர்ந்துவிட்டால் மட்டும் தூசி பசையாக மாறி, வண்ணத்தோடு ஒன்றிப்போகிறது. அடுப்பங்கரைச் சுவருக்கு மறுபுறத்தில் மாதிரிகளை வைக்கலாகாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஒளியைப் பற்றி உத்திரமேரூரார்க்குப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகளைப் பொறித்த வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை உச்சிவெயிலில் நோக்கினால் எழுத்துகள் கல்லோடு கல்லாக மங்கித் தெரியும். வெயில் சாய்ந்து விழும் வேளையில் ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மாதிரி விமானத்தின் உடலில் ஓடும் தகட்டுக் கோடுகள், அதாவது உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளைக் குறிக்கும் மெல்லிய பள்ளங்கள், அதே விதிக்கு உட்பட்டவை. நேர்மேலே எரியும் குழல்விளக்கு அவற்றை விழுங்கிவிடும்; பக்கவாட்டிலிருந்து வரும் சிறிய விளக்கு அவற்றை எழுப்பும். இக்கோடுகள் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டவை என்பதும் உண்மையே. கால் மில்லிமீட்டர் அகலக் கோடு, பெருக்கிப் பார்த்தால், உண்மை விமானத்தில் விரலை நுழைக்கத்தக்க 18 மில்லிமீட்டர் இடைவெளியாகிவிடும். இதைப் பிழையென்று கொள்வதைவிட, சிற்பி கல்லில் கண்ணிமையைச் சற்று ஆழமாகச் செதுக்குவதுபோன்ற மரபென்று கொள்வதே பொருத்தம். ஆனால் நேரடி வெயில் வேறு: புறஊதாக் கதிர் பட்டால், சின்னங்களும் எண்களும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் டீகால் என்னும் படலம் மஞ்சளித்துவிடும். தகரக்கூரையின் கீழ்ச் சித்திரை வெப்பத்தில் மெல்லிய இறக்கைகள் வளையவும் கூடும்.

காட்சிக்கு வைப்பதில் முதல் முடிவு, விமானம் நிற்கிறதா பறக்கிறதா என்பதாகும். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பெயர்பெற்ற நாட் என்னும் சிறு போர்விமானத்தில் சக்கரங்கள் பாதி இறங்கிய நிலையில் வேகத்தடையாகவும் பயன்பட்டன; ஆகவே சக்கரம் இறங்கியிருப்பதால் மட்டும் ஒரு நாட் மாதிரி தரையைத் தேடுகிறது என்று பொருளாகாது. அதன் இறக்கை விரிவு 6.7 மீட்டர், 1:72-இல் ஒன்பதேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி, உள்ளங்கையில் அடங்கிவிடும். இதற்கு மறுகோடியில் நிற்பது, காஞ்சிபுரத்துக்கு வடக்கே அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்து, 2017 மார்ச் 29 அன்று அங்கேயே ஓய்வுபெற்ற டு-142. ஐம்பது மீட்டர் இறக்கை விரிவு கொண்ட அக்கண்காணிப்பு விமானம் அதே விகிதத்தில் 69 சென்டிமீட்டர் ஆகி, சாதாரண ஷோகேஸின் கதவை மூடவிடாது. இரண்டையும் ஒரே தட்டில், ஒரே விகிதத்தில் அருகருகே வைப்பதைவிடச் சிறந்த காட்சி இல்லை; நாட் விமானத்தின் முழு நீளமும் மற்றதன் ஓரிறக்கையில் மூன்றில் ஒரு பங்களவுதான் என்பதைக் கண்ணே அளந்துகொள்ளும். விகிதங்களைக் கலந்து வைக்கும் அலமாரி இந்த இன்பத்தைக் கெடுத்துவிடுகிறது. அரக்கோணத்தில் ஓய்வுபெற்ற டு-142-களுள் ஒன்று அதே ஆண்டு டிசம்பரில் விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மாதிரியில் பூசியுள்ள கறைகள் இடம்மாறியுள்ளனவா என்று ஒப்பிட விரும்புவோர்க்கு அதுவே அளவுகோல்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை தமிழ் வீடுகளில் இருவேறு வழக்கங்கள் ஏற்கெனவே உண்டு. கொலுப் பொம்மை பத்து நாள் படியேறி, எஞ்சிய காலமெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டுப் பரணில் உறங்குகிறது. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய காகிதக்கூழ்ப் பொம்மையை ஈரத்தால் துடைக்கக் கூடாது என்பது அவ்வீடுகளுக்குத் தெரிந்ததே. தஞ்சாவூர் நெட்டி வேலையோ, நீர்த்தாவரத் தண்டின் வெண்சோற்றில் செதுக்கிய கோபுரத்தைக் கண்ணாடிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறது. மாதிரி விமானத்துக்கு ஏற்றது நெட்டியின் வழி. துணியில் சுற்றினால் முதலில் முறிவது மூக்கில் நீளும் பிட்டோ குழாய், அதாவது காற்றழுத்தத்தால் வேகத்தை அளக்கும் ஊசி போன்ற உறுப்பு. கண்ணாடிப் பெட்டி பல்லியின் எச்சத்தையும் தடுக்கும். திறந்த அலமாரியில் வைத்தால் எஞ்சின் வாயில் குளவி மண்கூடு கட்டத் தயங்காது. நிறுத்திவைத்த உண்மை விமானங்களின் பிட்டோ குழாய்க்குச் சிவப்பு உறை மாட்டுவதற்கும் இத்தகைய பூச்சிகள் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் ஈரம் தங்காதிருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்.

துடைப்பது மாதம் ஒருமுறை, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யத்தக்கது. கேமரா பழுதுபார்ப்பவர்கள் கையாளும் ரப்பர் ஊதுபந்தினால் முதலில் தளர்ந்த தூசியை ஊதி அகற்ற வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்து, முகப்பூச்சுக்கு விற்கும் அகன்ற மென்தூரிகையை இறக்கையின் வேரிலிருந்து நுனி நோக்கியும், உடலின் முன்னிருந்து பின்னாகவும் இழுக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்ப்பது வீண்வேலை: பாலிஸ்டைரீன் உராய்வில் நிலைமின்னேற்றம் பெற்று, துடைத்ததைவிட மிகுதியான தூசியை இழுத்துக்கொள்ளும். பிசுக்கு படிந்த இடத்தில் மட்டும், வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திர சோப்புத் திரவம் கலந்து, பிழிந்த பஞ்சுக்குச்சியை உருட்டியபடி எடுக்கலாம். அதுவும் மேலே வார்னிஷ் பூசப்பட்டிருந்தால்தான். கரிப்பொடியைத் தூவி வார்னிஷ் பூசாமல் விட்ட புகைக்கறையைத் தூரிகை தொடவும் கூடாது. தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கையே கரைக்கும். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அக்ரிலிக் வண்ணத்தைக் கரைக்கும். கேனபி எனப்படும் விமானியறைக் கண்ணாடிக்கூண்டில் விரல்ரேகை படிந்தால், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியின் நுனியே போதுமானது.

இந்த வேலை முழுவதையும் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் செய்வது நல்லது. ஆன்டெனாக் கம்பியோ, சக்கரக் கதவோ ஒடிந்து விழுந்தால் வெள்ளையில் புலப்படும். விமானத்தைத் தட்டில் திரும்ப வைத்து, எல்லா உறுப்புகளும் இருக்கின்றனவா என்று எண்ணி முடிக்கும் வரையில் அந்தத் துணியை உதறலாகாது.