கூரையடியில் சிரிக்கும் கற்கள்

துறவியரின் மடத்தில் விலங்குகளுக்கும் விகட உருவங்களுக்கும் என்ன வேலை? ஏறத்தாழ 1125ஆம் ஆண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவரான புனித பெர்னார்து இவ்வாறு கேட்டார். மடங்களில் செதுக்கப்பட்ட விந்தை உருவங்கள் துறவியரின் தியானத்தைக் கலைக்கும் என்பது அவரது கவலை.

அடுத்த 15 ஆண்டுகளுக்குள், இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையருகே ஹெரபோர்டு மாவட்டத்தில் எழுந்தது கில்பெக் பங்கு ஆலயம். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் அமைத்த கோட்டை ஒன்றின் அருகே, செந்நிற மணற்கல்லால் கட்டப்பட்ட சிற்றாலயம் அது. மக்கள் கூடம், பீடப் பகுதி, கிழக்குக் கோடியில் அரைவட்ட மாடம் என மூன்றே பகுதிகள்.

வெளியே, கூரை விளிம்பின்கீழ் 80க்கு மேற்பட்ட தாங்குகற்கள் சுவரைச் சூழ்ந்துள்ளன. நாயும் முயலும் பகை மறந்து அருகருகே பார்க்கின்றன. நாணமற்ற பெண்ணுருவம் ஒன்றும் உண்டு. தெற்கு வாயிலில் பாம்புகளும் பறவைகளும் பின்னிக் கிடக்க, நிலைக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லில் வாழ்வின் மரம் தழைக்கிறது. உள்ளே சென்றால் அந்த ஆரவாரம் அடங்குகிறது. பீடத்தை நோக்கிய வளைவின் இருபுறமும், ஒருவர்மேல் ஒருவராக மும்மூன்று புனிதர்கள் அமைதியாக நிற்கின்றனர்.

1842இல் இவ்வாலயத்தைப் படங்களோடு நூலாக்கிய ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ், இச்சிற்பங்களில் கிறித்தவப் பொருளைத் தேடினார். வேறு சிலரோ இவற்றைப் பழஞ்சமயத்தின் எச்சம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டும் மிகையே. முயலுக்கும் நாய்க்கும் மறைபொருள் தேட வேண்டியதில்லை. சிற்பியின் குறும்பு என்று கொண்டால் போதும். பொருள் தனித்தனி உருவங்களில் அன்று, அவை வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. உலகின் கூச்சல் சுவருக்கு வெளியே, வாழ்வின் மரம் வாயிலில், புனிதர்கள் பீடத்தருகில். எழுத்தறியாத உழவரும் நடந்தே படிக்கக்கூடிய வரிசை இது.

பெர்னார்து கண்டித்தது துறவியரின் மடங்களை. பாமர மக்களுக்குப் பொறுப்பான ஆயர்களின் நிலை வேறு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அந்த விதிவிலக்கின் நியாயத்தைக் கில்பெக்கில் கண்ணால் காணலாம்.

பதினாறாம் நூற்றாண்டின் சமய மாற்றத்துக்குப்பின் இது ஆங்கிலிக்கன் ஆலயமாயிற்று. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. நம் பலவீனங்களை மறைத்துவிட்டுத்தான் ஆலயத்துக்கு வரவேண்டும் என்று நினைக்கிறோம். கில்பெக்கின் கொத்தர்கள் அவற்றை மறைக்கவில்லை. கூரையடியில் வைத்துவிட்டு, நம்மை உள்ளே அனுப்புகின்றனர்.