பழியும் பட்டயமும்: கண்டி உடன்படிக்கை பற்றிய ஒரு நோக்கு

அரசியலிற் பழி தூற்றுவோர் முழுப் பொய்யைக் கூறுதல் அரிது. நிகழ்ந்த ஒன்றை எடுத்து, அதன் சூழலை மறைத்து, ஒருவன் செயலை அவன் குலத்தின் இயல்பாக்கிக் காட்டுதலே அவர்தம் முறை. இம்முறையினை அறிய விழைவோர் 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி மகுல் மடுவ மண்டபத்தில் வாசிக்கப்பெற்ற உடன்படிக்கையை ஊன்றிக் கற்றல் தகும்.

ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1798 இல் அரியணை ஏறியவன், நாயக்கர் மரபினன். ஹந்தானை மலையடியில் இன்றும் நகருக்கு அழகு செய்யும் கண்டி வாவி அவன் அமைத்ததே. அவ்வேலைக்குக் குடிகளை வற்புறுத்தியமை வெறுப்பை விளைத்தது. 1814 இல், ஆங்கிலேயர் பக்கஞ் சார்ந்த எகலப்பொல அதிகாரின் மனைவியையும் மக்களையும் அவன் கொல்வித்தான். அக்கொடுமைக்கு நியாயங் கூறல் இயலாது, கூறவும் வேண்டா.

ஆயின், உடன்படிக்கையின் முதற் பிரிவு அவன் கொடுமைகளை 'மலபார்' அரசனின் கொடுமைகள் என்றே குறிக்கின்றது. அக்கால ஆங்கிலேயர் தமிழரைச் சுட்டவும் வழங்கிய சொல் அது. விசாரணையின்றித் தண்டித்தான் என்பதே அங்குத் தலையாய குற்றச்சாட்டு. அடுத்து வரும் பிரிவுகளோ அவன் குலத்தாரின் அரசுரிமையை அறவே நீக்கி, அவனுடைய ஆண் உறவினரைப் பகைவர் எனச் சாற்றி, அனுமதியின்றி நாட்டினுட் புகின் படைச்சட்டத்தின்படி தண்டனை என விதிக்கின்றன. அவ்வுறவினர் செய்த குற்றம் யாது? உடன்படிக்கை கூறவில்லை. விசாரணையின்மையைப் பழித்த பட்டயமே விசாரணையின்றி ஒறுக்கின்றது.

மன்னன் சிறைப்பட்டது 1815 பெப்ரவரி 18 இல். மூன்று நாட் கழித்து, அமெரிக்காவின் மொபீல் நகரிற் படைநீதிமன்றத் தீர்ப்பின்படி குடிப்படையினர் அறுவர் சுடப்பட்டனர். தீர்ப்பை உறுதிசெய்தவர் தளபதி அன்ட்ரூ ஜாக்சன். 1828 ஆம் ஆண்டுத் தேர்தலில் பிலடெல்பியா அச்சகர் ஜோன் பின்ஸ் சவப்பெட்டிப் படங்கள் பொறித்த துண்டுப்பிரசுரத்தால் அதனைக் கொலையெனத் தூற்றினார். ஜாக்சன் பக்கத்தார் மறுமொழி கூறினர். மக்கள் இரு பக்கமுங் கேட்டு அவரையே சனாதிபதியாகத் தெரிந்தெடுத்தனர். கண்டியிலோ குற்றஞ் சாட்டியவரே நடுவர். நாட்டைப் பெற்றவரும் அவரே. மறுமொழிக்கு இடமின்றி 1816 இல் வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832 இல் அங்கு மாண்டான்.

எகலப்பொலவின் கதியும் எண்ணத்தக்கது. 1818 கிளர்ச்சியின்போது ஐயத்தின்பேரில் ஆங்கிலேயராற் சிறைப்பிடிக்கப்பட்ட அவன், விசாரணை எதுவுமின்றி 1825 இல் மொறீசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தான்.

கொடுங்கோலன் என்னுஞ் சித்திரம் இரு நூற்றாண்டுகள் பெரிதும் ஐயுறப்படாது நின்றது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2017 இல் வெளியிட்ட நூல் அதனை விரிவாக மறுஆய்வு செய்தது. அத்தகைய ஆய்வின் பயன் மன்னனைக் குற்றமற்றவனாக்குதலன்று. அவன் செய்ததையும், அவன்மேல் ஏற்றப்பட்டதையும் வேறுபிரித்தறிதலே. வரலாறு பயிலும் மாணவர் எப்பட்டயத்தையும் கையிலெடுக்கும்போது, பழித்தவர் யார், பயன் பெற்றவர் யார், பழிக்கப்பட்டவன் மறுமொழி கேட்கப்பட்டதா என மூன்றையும் வினவுவாராக.