பாதியில் நிற்கும் எஸ்டீம்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

தூரத்திலிருந்து பார்த்தால் பந்தயக் கார் மாதிரிதான் இருக்கிறது. 2003 மாடல் மாருதி எஸ்டீம், டி.என். 32 என்ற விழுப்புரம் பதிவு. பின்சீட்டு, ஏ.சி., கூரைத் துணி, கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். டிரைவர் பக்கம் மட்டும் ஒரு பக்கெட் சீட், சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு ஷெட்டில் சில வருடங்களாக இதே கோலம். உரிமையாளர் விழுப்புரத்தில் லேத் பட்டறை நடத்துகிறவர். மூன்று லட்சத்துக்குக் கிட்டப் போட்டிருக்கிறார். ஒன்றே கால் லட்சத்துக்கு ஒரு பார்ட்டி கேட்கிறது. "முடிச்சுடலாமா, குடுத்துடலாமா? நீங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார்.

கார் தேர்வில் குறை சொல்ல முடியாது. 1994 முதல் 2007 வரை விற்ற எஸ்டீம் ஒரு காலத்தில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் எங்கு திரும்பினாலும் தென்பட்ட கார். எடை குறைவு, பின்னாளில் வந்த 1,298 சிசி, 16 வால்வு எஞ்சினுக்கு 85 குதிரைத்திறன். ஜிப்ஸிக்கும் வெர்சாவுக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான். எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் இருப்பதும் 1,300 சிசி மாருதி எஞ்சின். ஆகவே சாமான் கிடைக்குமா என்ற கவலை பெரிதாக இல்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

எஞ்சினைப் பொறுத்தவரை எனக்கு ஆச்சரியம்தான். கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பார்த்ததில் நாலு சிலிண்டரும் 170-க்கும் 180 பி.எஸ்.ஐ.க்கும் இடையில் காட்டின. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, விறைத்துப்போன ரப்பர் ஹோஸை மாற்றினோம். இப்போது பம்புகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் கால ஹோஸ் தாங்காது. மூடிக் கிடக்கும் அரிசி மில் ஒன்றின் நெல் காய வைக்கும் சிமென்ட் களத்தில், காலி பெயின்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து ஓட்டினேன். முதல் கியர், இரண்டாம் கியர், அவ்வளவுதான் இடம். ஆக்சிலேட்டரில் கால் வைத்ததும் கார் துள்ளிக்கொண்டு கிளம்புகிறது. மூக்கு சொன்ன பக்கம் திரும்புகிறது. பிரேக் பெடல் மட்டும் பாதி வழி இறங்கிய பிறகுதான் பிடித்தது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அது சின்ன வேலை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் "முடிச்சுடுங்க தம்பி" என்றுதான் சொல்லியிருப்பேன். பிறகு காரை ஜாக்கியில் தூக்கினோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் கொட்டிய மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். ஷெட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கிறது. சக்கரத்தின் நடு மட்டத்தில் சேற்றுக் கோடு இன்னும் தெரிகிறது. எஞ்சினுக்கும் கம்ப்யூட்டருக்கும் எட்டவில்லை, நல்ல காலம். ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குள் சேறு தங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன்; இடது பக்கம் இரண்டு இடத்தில் முனை உள்ளே போய்விட்டது. அந்தத் தகட்டை வெட்டி ஒட்ட நல்ல டிங்கர் போதும், விழுப்புரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. துருவை நான் மன்னித்துவிடுவேன்.

மன்னிக்க முடியாதது கூண்டு. கார் உருண்டால் ஓட்டுபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி அது தையல் இல்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாயாக இருக்க வேண்டும். டிரைவர் தலைக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். கால் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு பாடியோடு வெல்டு செய்யப்பட்டிருக்க வேண்டும். இங்கே இருப்பதோ 42 மி.மீ. பைப். அதாவது போர்வெல்லில் மோட்டார் இறக்கும் ஒன்றே கால் இஞ்ச் ஜி.ஐ. பைப். மூடாமல் விட்ட ஒரு முனையில் விரலை விட்டால் உள்பக்கம் நீளவாக்கில் தையல் வரி தட்டுப்படுகிறது. வெல்டு செய்த இடமெல்லாம் துத்தநாகம் எரிந்த வெள்ளைப் பூச்சு. கால்கள் நேராகத் தரைத் தகட்டின் மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் தகடு ஒரு மி.மீ.கூட இருக்காது. கார் தலைகீழானால் கூண்டு காரைத் தாங்காது, தரையைக் குத்திக்கொண்டு வெளியே போகும். இதைப் பார்த்த எந்தப் பரிசோதகரும் காரை ட்ராக்கில் விடமாட்டார். வெல்டு வேலை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெல்டருக்கு யாரும் விதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூண்டு போனால் என்ன மிச்சம்? எஃப்.ஐ.ஏ. முத்திரை உள்ள இந்த ரகப் பக்கெட் சீட்டுக்குத் தயாரான ஆண்டிலிருந்து ஐந்து வருடம்தான் கணக்கு. இதிலுள்ளது 2017. பெல்ட்டின் காலாவதி ஆண்டு லேபிளிலேயே அச்சாகியிருக்கிறது, அதுவும் தாண்டியாகிவிட்டது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் 2318, அதாவது 2018-இன் 23-ஆம் வாரம். ரப்பரில் நகம் பதியவில்லை. ஓடாத காரில் எதுவும் தேயாது என்பது நம் ஊர் நம்பிக்கை. ஆனால் பந்தயச் சாமான் அலமாரியில் இருந்தபடியே செல்லாததாகிவிடும். ஆகவே போட்ட மூன்று லட்சத்தில் இன்று உயிரோடு இருப்பது எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன், நாலு 13 இஞ்ச் வீல். மற்றதற்கு மறுபடியும் முதலிலிருந்து செலவு.

பந்தயத்துக்கு இல்லாவிட்டாலும் ரோட்டில் ஓட்டலாமே என்று அவருடைய மச்சான் கேட்டார். முடியாது. பதிவின் பதினைந்து வருடம் 2018-லேயே முடிந்துவிட்டது, ஆர்.சி. புதுப்பிக்கவில்லை. இருபது வருடம் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். அதுகூடப் பரவாயில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூண்டோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆக, லாரியில் ஏற்றித்தான் ட்ராக்குக்குப் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 150 கி.மீ. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல். கோவை கரி ட்ராக் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தப் போக்குவரத்துச் செலவை யாரும் முதலில் எழுதி வைப்பதில்லை. பாதியில் நின்ற கார்களை விசாரித்தால் பலதும் இங்கேதான் நின்றிருக்கும்.

ஷெட்டில் கார் கட்டுவது நம் ஊருக்குப் புதிதல்ல. சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாளிலேயே சென்னையிலும் கோவையிலும் பட்டறையில் கார் செய்தார்கள். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் வடிவமைத்த கரிவரதன் அந்தப் பரம்பரைதான். அவர் பெயரில்தான் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஆனால் அவர் ஒரு காரைப் பல பேர் ஓட்டக் கட்டினார், விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டினார். நம் லேத் பட்டறைக்காரரின் கைவேலையும் அதற்குச் சளைத்ததல்ல. புஷ் கடைந்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தேன்.

என் தீர்ப்பு: காரை முடிக்க வேண்டாம். முழுசாக விற்கவும் வேண்டாம். ஒன்றே கால் லட்சம் கேட்பவர் இருபத்தைந்து வயதுக்காரர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார். அந்தக் கூண்டோடு அவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தனியே இறக்கி வையுங்கள். ஜிப்ஸி வைத்திருப்பவர்களிடம் அதன் உள் சாமான்களுக்கு இன்னும் கிராக்கி உண்டு. வீல், சஸ்பென்ஷன் தனி. பாடியை இரும்புக்குப் போடுமுன் 55-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அந்த சேஸிஸ் நம்பர் எங்கே போய் எதில் மாட்டினாலும் கேள்வி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பந்தய ஆசை விடவில்லை என்றால், கிடைக்கும் பணத்தில் ஏதாவது ஒரு டீமிடம் ஒரு பயிற்சி நாள் வாங்குங்கள். கார் அவர்களுடையது, கூண்டு சரியானது, லாரி வாடகை இல்லை.

உங்கள் ஷெட்டிலும் இப்படி ஒன்று நின்றால் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்குமுன் கூண்டுக் குழாய் வாங்கிய பில்லைத் தேடுங்கள். 'சீம்லெஸ்' என்று இருந்து அளவும் சரியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடித்துவிடலாம். பில்லே இல்லையென்றால், அடுத்த மழைக்காலத்துக்குள் பிரித்துவிடுங்கள்.