காஹிராவின் குரல்

வானொலியைப் பற்றி எழுதுவோருள் ஒரு சாரார் அதனை அறிவியல் தந்த அருட்கொடை என்பர். மறு சாரார் வீட்டினுள் புகுந்த கேடு என்பர். இரு சாராரும் பெட்டியையே நோக்குகின்றனர். அதில் ஒலிக்கும் செய்தி யார் வழியாக வந்தது, அவர் நம்பத்தக்கவர்தாமா என்று வினவுவோர் அரியர். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு அதுவன்றோ முதல் வினா! எகிப்தின் வரலாற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

காஹிராவில் வணிகர் விளம்பரங்களால் பிழைத்துவந்த தனியார் நிலையங்களை மூடிவிட்டு, 1934 மே 31-இல் அரசு தன் வானொலியைத் தொடங்கியது. அதில் முதலில் ஒலித்தது பார்வையிழந்த காரி ஷைகு முஹம்மத் ரிஃப்அத் அவர்களின் கிராஅத். கேளிக்கை விடுதிகளிலும் இறைமொழி ஒலிக்க நேருமே என்று தயங்கிய அன்னார், அல்அஸ்ஹர் அறிஞர்களின் இசைவு பெற்ற பின்னரே ஓத முன்வந்தார். இத்தயக்கத்தைப் பழமை என நகைப்பார் நகைக்கட்டும், நாம் நகைப்பதற்கில்லை.

விலை மிகுந்த வானொலிப் பெட்டியைக் காப்பிக் கடைக்காரர் வாங்கி வைத்தார். கேட்க வந்த கூட்டத்தால் வாணிபம் பெருகிற்று. மாதத்தின் முதல் வியாழனிரவு உம்மு குல்தூமின் பாடலுக்காகத் தெருக்களே வெறிச்சோடின. சிற்றூர் இமாமின் மகளாய்த் திருமறை ஓதிப் பழகிய நாவு அது. எழுத்தறியாதாரும் அந்நாவின் வழியே செந்தர அரபிக் கவிதையைச் சுவைத்தனர். 1950-களில் டிரான்சிஸ்டர் வந்தபின் மின்சாரமில்லாக் கிராமங்களுக்கும் அக்குரல் எட்டிற்று. வாசிக்கத் தெரியாத உழவனும் உலக நடப்பில் கருத்துரைக்கலானான். இது சிறிய மாறுதலன்று.

ஆயினும் கேட்பவன் கையில் கருவி இருந்ததேயன்றி, கேட்டதைச் சோதிக்கும் வழி இல்லை.

ஓதலில் அக்குறை நேரவில்லை. பிழை மலிந்த குர்ஆன் பிரதிகள் பரவுவது கண்டு எகிப்து அறிஞர்கள் கவலையுற்றனர். ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ ஆஸிம் வழி வந்த ஹஃப்ஸ் அறிவிப்பின்படி முழுமையாக ஓதிய ஒலிப்பதிவு 1961-இல் வெளிவந்தது. 1964-இல் திருக்குர்ஆனுக்கெனவே ஒரு வானொலி தொடங்கிற்று. அறிவிப்பாளர் தொடரின் ஒழுங்கு இயந்திரத்தினுள்ளும் பேணப்பட்டது.

செய்தியிலோ? 1953-இல் தோன்றிய 'ஸவ்த்துல் அரப்' அரபு நாடுகளின் விடுதலை வேட்கைக்கு நாவாய் நின்றது. அதன் பொறுப்பாளர் அஹ்மத் ஸயீதின் குரலை அறியாதார் அரிது. 1967 ஜூன் 5 அன்று எகிப்தின் போர் விமானங்களுள் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் அழிந்தன. அன்றும் அந்நிலையம் எதிரியின் விமானங்களை வீழ்த்திய கணக்கையே முழங்கிற்று. நாட்கள் சில கழிந்து மெய் வெளிப்பட்டபோது மக்கள் தோல்விக்கு அழுததோடு, தாம் நம்பிய குரலுக்காகவும் அழுதனர். மெய் அறிய விரும்பியோர் லண்டன் பி.பி.சி.யின் அரபி ஒலிபரப்பைத் தேடித் திருப்பினர். அஹ்மத் ஸயீத் அவ்வாண்டே பொறுப்பினின்று நீங்கினார்.