முகம் வைத்த சோறு

1

சென்ற மாதம் நண்பர்கள் கூடியிருந்தபோது ஒருவர் தம் கைபேசியில் ஒரு சித்திரத்தைக் காட்டினார். முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை. அடியில் கறுப்புப் பட்டை. இரண்டு புள்ளிக் கண்கள், நூல் போல ஒரு வாய், கன்னத்தில் இரண்டு ரோஜா வட்டங்கள். அவருக்குத் தெரிந்த பெண் ஒருத்தி டாப்லெட்டில் வரைந்ததாம். "எப்படி?" என்றார். "இது மிட்டாய். இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்றேன் நான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கவிதையின் ஒரு வரியைப் பற்றி மூன்று இதழ்கள் சண்டை போட்டவர்கள் நாங்கள். அன்று ஒரு நொடியில் ஒன்றுபட்டோம். வீடு திரும்பும்போது உறுத்தியது இந்த ஒற்றுமைதான். பரிசீலிக்காமல் வந்த தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் அது தீர்ப்பு அல்ல, பழக்கம்.

ஆகவே எழுதுவதற்கு முன் அப்படி ஒன்றை நானே வரைந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். எனக்கு வரையத் தெரியாது. கை போடும் கோட்டைப் பற்றி எனக்குள்ள அறிவெல்லாம் பாங்க் கௌண்டரில் கையெழுத்துகளைப் பார்த்து வந்தது. அது இந்த விஷயத்துக்குப் பொருந்தாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

2

அக்கா மகள் காமர்ஸ் படிக்கிறாள். பொழுது போகாதபோது டாப்லெட்டில் இட்லிக்கும் முட்டைக்கும் முகம் வைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். அதே சோற்று உருண்டையைத்தான் கேட்டேன். ஜப்பானியர் அதை ஒனிகிரி என்கிறார்கள். கறுப்புப் பட்டை நோரி என்னும் கடற்பாசித் தாள்.

நான் போட்ட முதல் கோடு நடுங்கியது. "மாமா, ஸ்ட்ரீம்லைனை ஏத்திக்கோங்க" என்று அவளே எதையோ நகர்த்தினாள். மறுபடி போட்டேன். அதே கைதான். கோடு மட்டும் வழுவழுவென்று, வருஷக்கணக்காகப் பழகியவன் போட்டது போல வந்து விழுந்தது. பிடிக்காவிட்டால் இரண்டு விரலால் ஒரு தட்டு, கோடு இல்லை. அவளிடமிருக்கும் ப்ரோக்ரியேட் என்ற மென்பொருள் 2011இல் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. இருநூற்றைம்பது படிகள் வரை இப்படிப் பின்னோக்கிப் போகலாம். வட்டம் வரைந்து பேனாவை எடுக்காமல் வைத்திருந்தால், கோணலை அதுவே திருத்திக் கொடுத்துவிடுகிறது.

இந்தப் பலகைகளின் மூதாதை ஒன்று 1964இல் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தார் செய்தது. ஏறக்குறையப் பத்து அங்குலச் சதுரம். அடியில் நுண்ணிய கம்பி வலை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பேனா எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். அன்றும் இன்றும் பலகைக்குக் கிடைப்பது கோடு அல்ல, புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடந்தது என்பது எந்திரத்தின் ஊகம். நேராக்கும் வசதி அந்த ஊகத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது: வந்த புள்ளிகளைச் சராசரியாக்கி, சராசரியிலிருந்து விலகுவதை நடுக்கம் என்று கழித்துவிடுகிறது. எதைக் கழிக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அதை நான் செய்யவில்லை.

பிறகு முகம். கண்களை நடுவில் வைத்தேன். "கீழே, இன்னும் கீழே, தள்ளித் தள்ளி" என்றாள். வைத்தவுடன் சோறு குழந்தையாகிவிட்டது. கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார்: பெரிய தலை, தாழ்ந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம் இவற்றைக் கண்டால் நமக்குள் பேணும் உணர்ச்சி தானாக எழுகிறது, அது குழந்தையா பொம்மையா என்று அந்த உணர்ச்சி விசாரிப்பதில்லை. சோற்றுப் பருக்கைகளை அவள் வரையவிடவில்லை. விவரம் கூடினால் செல்லம் குறைந்துவிடுமாம். கடைசியாகக் கன்னத்தில் இரண்டு வட்டங்கள்.

அந்த வட்டங்கள் என்னை நிறுத்தின. நம் பிள்ளைகள் 'க்யூட்' என்று சொல்வதற்கு ஜப்பானியச் சொல் 'கவாயி'. அதன் பழைய வேர் முகம் கூசுவதையும் முகம் சிவப்பதையும் குறித்தது. பிறகு பரிதாபத்துக்குரியது என்று பொருள்பட்டது. கொஞ்சத்தக்கது என்ற பொருள் அதற்கும் பின்னால் வந்தது. 'பாவம்' என்பதற்கு அவர்கள் இன்றும் சொல்லும் 'கவாயிஸோ' அதன் பக்கத்து வீட்டுச் சொல். ஆங்கில 'க்யூட்'டோ கூர்மையைக் குறிக்கும் 'அக்யூட்' தலை இழந்து வந்தது. ஒன்று கூர்மையிலிருந்து மழுங்கியது. மற்றது கூச்சத்திலிருந்து, பரிதாபத்திலிருந்து மழுங்கியது. இரண்டும் மழுங்கிச் சேர்ந்த இடத்தில்தான் எங்கள் சோற்று உருண்டை உட்கார்ந்திருந்தது.

3

என் நண்பர்களின் கட்சியை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அது பலவீனமான கட்சி அல்ல.

செல்லம் என்பது ஒரு அதிகார உறவு. சியான் ஙாய் என்ற விமர்சகர் 2012இல் வெளியான நூலில் இதைத் தீவிரமாக ஆராய்ந்திருக்கிறார். செல்லமான பொருள் நம்மிடம் கனிவைக் கேட்கும்போதே, அதைக் கசக்கவும் பிசையவும் தூண்டுகிறது. அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று தவளை முகம் கொண்ட குளியல் பஞ்சு: பிழிவதற்காகவே முகம் பெற்றது. உணவுக்கு முகம் வைப்பது இதன் எல்லை. ஸான்ரியோ கம்பெனி 2013இல் உணவுப் பாத்திரங்களுக்காக ஓட்டெடுப்பு நடத்தியது. ஜெயித்தது கிரிமிச்சான் என்ற சால்மன் மீன் துண்டு. ருசியாகத் தின்னப்பட வேண்டும் என்பது அதன் ஆசை. அடுத்து வந்த குடெதாமா என்ற சோம்பேறி முட்டைக்கு அந்த ஆசைகூட இல்லை. 'என்னை விடுங்கள்' என்று படுத்துக் கிடக்கிறது, தின்னப்படுவதைப் பற்றிய சலிப்போடு. உலகமெங்கும் பிரசித்தி அடைந்தது இந்த முட்டைதான். ஆபீஸ் போய் வருகிறவனுக்கு அது ஏன் பிடிக்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தின்கிறவனைப் பார்த்து எதிர்க்காத கண், நுகர்பொருள் தன்னைத் தானே சிபாரிசு செய்துகொள்ளும் கண். இதைக் கலை என்று நான் சொல்லப்போவதில்லை.

இத்தோடு நிறுத்தினால் என் பழைய தீர்ப்பு பிழைத்துக்கொள்ளும். நிறுத்த முடியவில்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, இந்தச் செல்லம் கம்பெனியில் பிறந்தது என்பது முழு உண்மை அல்ல. 1970களில் ஜப்பானியப் பள்ளி மாணவிகள் மெல்லிய ஈயமுனை மெக்கானிகல் பென்சிலால் உருண்டை உருண்டையாக எழுதத் தொடங்கினார்கள், நடுநடுவே இருதயமும் நட்சத்திரமும் சின்ன முகமும் வைத்து. வாசிக்க முடியவில்லை என்று சில பள்ளிகள் தடை செய்தன. யமானே கஸுமா இதைப் பற்றி 1986இல் ஒரு நூலே எழுதினார். ஒழுங்கான தூரிகைக் கையெழுத்தைக் கலையாகப் போற்றிய ஒரு பண்பாட்டில், பெண் பிள்ளைகள் தங்கள் கையைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். கடைக்காரன் பிறகு இதையே விற்றான். அது வேறு கதை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அந்தக் கதை பரிச்சயமானதுதான்.

இரண்டாவது, அன்பான்மான்.

4

யானஸே தகாஷி 1919இல் பிறந்தவர். ராணுவத்தில் சேர்க்கப்பட்டுச் சீனாவுக்குப் போனார். யுத்தத்தில் தம்பியை இழந்தார். யுத்தத்தின் நீதி, தோற்ற மறுநாள் தலைகீழாகிவிடும். பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது மட்டும் எந்த நாட்டிலும் தலைகீழாவதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1973இல் வந்த அவருடைய படப்புத்தகத்தின் நாயகனுக்கு, இனிப்புப் பயறு பூரணம் வைத்த பன் ஒன்றுதான் தலை. உருண்டை முகம், சிவந்த கன்னம். செல்லத்தின் இலக்கணங்கள் எல்லாம் உண்டு. ஆனால் அவன் பாலைவனத்தில் பட்டினி கிடப்பவனிடம் போய்த் தன் முகத்தைத் தின்னச் சொல்கிறான். பாதி முகம் போகிறது. வழி தவறிய குழந்தை மீதியைத் தின்கிறது. முகமே இல்லாமல் பறக்கிறான். பலமிழந்து விழுகிறான். ரொட்டி சுடும் மாமா புது முகம் சுட்டு வைத்தால்தான் மீண்டும் எழ முடியும். குரூரம் என்றார்கள் பெரியவர்கள். குழந்தைகள் கேட்டுக் கேட்டு வாசித்தார்கள். 1988இல் தொலைக்காட்சிக்கு வந்த பிறகு அதுவும் வியாபாரமாயிற்று. மறைக்கவில்லை. 2013இல் யானஸே இறந்தார். சோம்பேறி முட்டை பிறந்ததும் அதே வருஷம். இதில் அர்த்தம் தேட வேண்டாம்.

நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் இங்கே கிடைத்தது. செல்லமா, கம்பீரமா என்பது கேள்வியே அல்ல. கடித்த தடம் காட்டப்படுகிறதா என்பதுதான் கேள்வி. கைபேசிச் சித்திரங்களில் முகம் வைத்த சோற்றை யாரும் இன்னும் கடிக்கவில்லை. கடிக்கப்போவதாகவும் இல்லை. பசி என்ற ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. உணவை வரைந்து பசியை வரையாமல் விடுவதுதான் பொய். யானஸே அதே உருண்டைக் கோட்டால் பசியை வரைந்தார்.

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய 188ஆம் பாட்டை நண்பர்கள் நினைத்துக்கொள்ளலாம். அங்கும் உணவு, அங்கும் சிறுமையின் அழகு. ஆனால் சோற்றுக்கு முகமில்லை. குழந்தையின் கை நெய்ச் சோற்றில் என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொரு அசைவாகப் பார்க்கிறது அந்தக் கண். கலையாமல் வைத்த சோறு அந்தப் பாட்டில் இல்லை. பலரோடு உண்ணும் செல்வன் அந்தக் கையின் முன் சிறுத்துப்போகிறான். அதிகாரம் குழந்தையைச் செல்லம் கொஞ்சவில்லை. குழந்தை அதிகாரத்தைக் கணக்குக் கேட்கிறது.

5

இப்போது கௌண்டருக்கு வருகிறேன். பொருந்தாது என்று நினைத்தது பொருந்திவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பென்ஷன் வாங்க ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் வருவார். கை நடுக்கம். வித்ட்ராயல் ஸ்லிப்பில் போட்ட கையெழுத்து ஸ்பெசிமனோடு ஒத்துப்போகவில்லை. திருப்பினேன். மறுபடி போட்டார், இன்னும் மோசம். மூன்றாம் முறையும் திருப்பி, "கட்டைவிரல் ரேகை வைத்துவிடுங்கள், சுலபம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வைத்தார். மையைத் துடைக்கத் துணி கேட்டார். நான் ரூல்படிதான் நடந்தேன். பணமும் அன்றே கிடைத்தது. ஆனால் அந்த மூன்று கையெழுத்துகளிலும் அவர்தான் இருந்தார், ஸ்பெசிமன் அட்டையில் இருந்ததைவிட அதிகமாக. பத்து வருஷ வயோதிகம் அந்தக் கோட்டில் எழுதியிருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

ஸ்ட்ரீம்லைனை அக்கா மகள் ஏற்றியபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அவர் கையை அந்தப் பலகையில் வைத்திருந்தால், அது அவரைத் திருப்பி அனுப்பியிருக்காது. அன்போடு திருத்தியிருக்கும். நான் அவமதித்தேன்; அது அழித்திருக்கும். எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதைச் சொந்தக் கதையாக மட்டும் எழுதவில்லை. விமர்சனத்திலும் நான் அதே கௌண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரின் தொகுப்பை மதிப்பிடுகையில், தன் குழந்தையைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளை 'கொஞ்சல்' என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளினேன். அவற்றை இப்போது எடுத்துப் பார்த்தேன். பாதி கொஞ்சல்தான். மீதியில் குரல் நடுங்குகிறது. குழந்தைக்கு நோய், வீட்டில் காசில்லை. நான் ஸ்பெசிமனோடு ஒப்பிட்டிருக்கிறேன். நவீன கவிதை என்றால் இறுக்கம், வறட்சி, விலகி நிற்கும் குரல். அட்டையில் உள்ள கையெழுத்து அது. ஒத்துப்போகாததைத் திருப்பினேன்.

இறுக்கம் ஒரு காலத்தில் போராடிப் பெற்றது என்பதை மறுக்கவில்லை. இன்று நம்மில் பலருக்கு அது நேராக்கும் வசதியாகிவிட்டது. எந்தக் கை எழுதினாலும் ஒரே வழுவழுப்பான உலர்ந்த வரி வந்து விழுகிறது. இனிப்பிலும் வழுவழுப்பு உண்டு, கசப்பிலும் உண்டு. சோற்று உருண்டையைப் பார்த்து நாங்கள் ஒரு நொடியில் ஒன்றுபட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். பிறருடைய வழுவழுப்பு சுலபமாகத் தெரிகிறது. நம் முன்னோடிகள் சின்னப் பொருளைக் கண்டு பயந்தவர்களும் அல்லர். ஜெர்ட்ரூட் ஸ்டைன் 1914இல் வெளியிட்ட 'டெண்டர் பட்டன்ஸ்' நூலின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதியின் தலைப்பே 'உணவு'. அவர் அதற்கு முகம் வைக்கவில்லை, வாக்கியத்தை நேராக்கவும் இல்லை.

6

மறு ஞாயிறு ஸ்ட்ரீம்லைனைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லி மீண்டும் வரைந்தேன். இரண்டு விரல் தட்டு கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். முக்கோணம் ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கண் பெரிதாகிவிட்டது. வலது மேல் மூலையில் ஒரு கடி எடுத்தேன். கன்ன வட்டங்களில் ஒன்று கோட்டுக்கு வெளியே போயிற்று.

அக்கா மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "க்யூட்டா இல்ல மாமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாவமா இருக்கு" என்றாள்.

அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். படம் நன்றாக வரவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.