உறங்கும் கருவியும் தவறிய அளவீடும்

ஓர் அளவீட்டுக் கருவி காட்டும் எண்ணை நாம் நம்ப வேண்டுமாயின், அளவீட்டின்போது அக்கருவி விழித்திருந்ததா என்பது தெரிந்திருக்க வேண்டும். பாதரச வெப்பமானியிடம் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால், கணிப்பொறியுடன் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கப்பட்ட கருவியிடம் கேட்டே ஆக வேண்டும். ஏனெனில், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இத்தகைய கருவிகள் அவ்வப்போது உறங்க வைக்கப்படுகின்றன.

உறங்க வைப்பது யார்? எழுப்புவது யார்? லினக்ஸ் கணிப்பொறிகளைப் பொறுத்தவரை இதற்கு விடை தரும் நூல், லினக்ஸ் கெர்னலுடன் சேர்த்தே வழங்கப்படும் யு.எஸ்.பி. மின்மேலாண்மைக் கையேடு. ஆலன் ஸ்டெர்ன் என்பவர் எழுதியது. ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி நிரல்களை எழுதுவோருக்கான நூல் இது. எனினும் ஆய்வக மாணவரும் இதனைக் கற்க வேண்டும் என்பது என் கருத்து. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ லினக்சும் இருந்தது. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்து மாணவர் வீடுகளிலும் லினக்ஸ் அன்றே நுழைந்துவிட்டது.

கையேட்டின் சிறப்பு

யு.எஸ்.பி. விதிப்படி கணிப்பொறி, முழுவேகக் கருவிக்கு மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு குறிப்பலை அனுப்புகிறது. 3 மில்லி விநாடிகள் தொடர்ந்து எவ்வித அலையும் வராவிட்டால் கருவி துயில்நிலைக்குச் செல்ல வேண்டும். விழித்திருக்கும்போது 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்க உரிமை பெற்ற கருவி, துயிலும்போது 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது. சில கருவிகள் தாமே கணிப்பொறியைத் தட்டி எழுப்பவும் வல்லவை.

இவ்வடிப்படையின்மீது கெர்னல் எழுப்பியுள்ள ஏற்பாட்டைக் கையேடு தெளிவாக விளக்குகிறது. கருவி ‘சும்மா இருக்கிறது’ என்று எப்பொழுது கொள்வது, எத்தனை விநாடி பொறுத்து உறங்க வைப்பது (இயல்பாக 2 விநாடி), பயனாளர் இதனை எவ்வாறு மாற்றுவது என்று படிப்படியாகச் செல்கிறது. எல்லாவற்றிலும் பாராட்டத்தக்கது அதன் எச்சரிக்கைப் பகுதி. எல்லா யு.எஸ்.பி. கருவிகளும் உறங்கி எழத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், பல கருவிகள் எழும்போது இணைப்பை அறுத்துக்கொள்கின்றன, அல்லது செயலற்றுப் போகின்றன என்று ஒளிக்காமல் சொல்கிறது. ஆகவேதான் ‘ஹப்’ நீங்கலாகப் பிற கருவிகளுக்குத் தானியங்கித் துயில் இயல்பாக அடைத்தே வைக்கப்பட்டுள்ளது. சொந்தச் சரக்கின் குறையை இப்படி எழுதிவைக்கும் கையேடுகள் அரியவை.

விடுபட்ட இடம்

உறங்கும் விசைப்பலகையில் தட்டினால் அது எழுகிறது. ஆனால் தட்டிய எழுத்துகளில் சில தொலைகின்றன என்று கையேடு எடுத்துக்காட்டுத் தருகிறது. நல்ல எடுத்துக்காட்டே. ஆயினும் விசைப்பலகையில் எழுத்து விட்டுப்போனால் கண்ணால் கண்டு மீண்டும் தட்டுவோம். தொடர்நிலைத் தகவலை யு.எஸ்.பி.க்கு மாற்றும் ‘சீரியல் அடாப்டரில்’ ஓர் அளவீடு விட்டுப்போனால் அதைக் காண்பவர் யார்? அட்டவணையில் ஒரு வரி குறையும். வரைபடத்தில் ஒரு வளைவு கோணும். பழி மாணவன்மீது விழும். கையேடு பேசாமல் விட்ட இடம் இதுவே.

இந்த இழப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கருவியை எழுப்பும் அலை குறைந்தது 20 மில்லி விநாடி நீடிக்க வேண்டும்; பின்னர் கருவி தெளிவடைய மேலும் 10 மில்லி விநாடி. வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறக்கும் வரை வந்தவர்கள் திண்ணையில் காத்திருப்பதுபோல, இந்த 30 மில்லி விநாடியில் வரும் எழுத்துகள் அடாப்டரின் தற்காலிக நினைவகத்தில் தங்க வேண்டும். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள் வரும். 30 மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 29. திண்ணை தாங்கும். ஆனால் 1,15,200 பிட் வேகத்தில் ஏறத்தாழ 346 எழுத்துகள் வந்து சேரும். பரவலாகப் பயன்படும் எஃப்.டி.232ஆர் சில்லில், கணிப்பொறிக்குச் செல்லும் தகவலுக்கான இடம் 256 எழுத்துகளே. மிஞ்சிய 90 எங்கே போகும்? அது மட்டுமன்று. இச்சில்லில் கணிப்பொறியை எழுப்பும் உரிமை ‘ரிங்’ என்னும் தனிக் கம்பிக்கே உண்டு. தகவல் வரும் கம்பிக்கு இல்லை. வந்தவர் கதவைத் தட்டவே வழியில்லை!

இரு இயக்கிகள், இரு கொள்கைகள்

நல்லவேளையாக இயக்கி நிரல்கள் இதனை ஓரளவு உணர்ந்துள்ளன. எஃப்.டி.232ஆர் போன்ற சில்லுகளுக்கான ‘யு.எஸ்.பி. சீரியல்’ நிரல், ஏதேனும் ஒரு செயலி வாயிலைத் திறந்து வைத்திருக்கும் வரை கருவியை உறங்க விடுவதில்லை. ‘சி.டி.சி. ஏ.சி.எம்.’ நிரலின் போக்கு வேறு. தட்டி எழுப்பும் ஆற்றல் தனக்கு உண்டு என்று கருவி சொல்லுமாயின், வாயில் திறந்திருக்கும்போதே அதனை உறங்க விட இந்நிரல் இசைகிறது. உறக்கத்தின்போது கணிப்பொறி எழுத முற்பட்டால், அத்தகவலைச் சேர்த்து வைத்து, எழுந்தபின் அனுப்புகிறது.

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் கல்லூரி ஆய்வகங்களுக்காக உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ கருவியும் ‘சி.டி.சி. ஏ.சி.எம்.’ வழியே பேசுவதுதான். ஆகவே இது நமக்கு ஏட்டுச் சிக்கல் அன்று. தொலைபேசி மோடத்திற்கு இரண்டாம் கொள்கை பொருந்தும். அளவீட்டுக் கருவிக்குப் பொருந்தாது. கம்பி வழியே மின்சாரம் பெறும் கருவி 2.5 மில்லி ஆம்பியருக்குள் அடங்கினால், அதன் அளவிடும் சுற்று பெரும்பாலும் நின்றே போகும். நின்ற சுற்று எதை உணர்ந்து யாரை எழுப்பும்?

‘நல்லது’, ‘கெட்டது’

இன்டெல் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ‘பவர்டாப்’ என்னும் கருவிநிரலையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் பிற்காலப் பதிப்புகளில், தானியங்கித் துயில் இல்லாத கருவிக்கு நேரே ‘கெட்டது’ என்ற பொருள்படும் சொல் நிற்கிறது. ஒரே கட்டளையில் அனைத்தையும் ‘நல்லது’ ஆக்கவும் முடியும். கெர்னல் ஆய்ந்து அடைத்த கதவை இக்கட்டளை ஆராயாமல் திறந்துவிடுகிறது. மின்கலன் நீடிக்க வேண்டும் என்று மாணவன் அதைத் தட்டுவது இயல்பே.

மிச்சமாவது எவ்வளவு? சில்லு எடுப்பது சுமார் 15 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டில் 75 மில்லி வாட். ஒரு மணி நேரச் சோதனையில் 0.075 வாட்-மணி. 40 வாட்-மணி மின்கலனில் இது நூற்றில் கால் பங்குகூட இல்லை. கருவி உறங்கினால் கணிப்பொறியின் யு.எஸ்.பி. கட்டுப்பாட்டகமும் உறங்கலாம், அந்த மிச்சம் இதனினும் பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் சோதனை நடக்கும் ஒரு மணி நேரத்தில் அந்த மிச்சத்திற்காக அளவீட்டைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

மாணவர் செய்யத்தக்கது

கருவிக்குரிய ‘பவர்’ அடைவில் ‘கன்ட்ரோல்’ என்னும் கோப்பைப் பாருங்கள். ‘ஆட்டோ’ என்றிருந்தால், சோதனைக்கு முன் ‘ஆன்’ என மாற்றுங்கள். ஐயமிருப்பின் சோதித்தே பார்க்கலாம். சிறு நுண்கட்டுப்படுத்தி ஒன்றை 1, 2, 3 என வரிசை எண்களை அனுப்பச் செய்து, இடைவெளியை 1, 3, 5, 10 விநாடி என மாற்றுங்கள். 2 விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிகளில் மட்டும் எண்கள் விட்டுப்போனால் உறக்கத்தை ஐயுறலாம். அடாப்டரின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் இணைத்துச் சோதிப்பது பயன் தராது. கணிப்பொறி அனுப்பும் செயலே கருவியை எழுப்பிவிடும்.

மொத்தத்தில், கையேடு நேர்மையானது, நுட்பமானது. பொறியாளருக்கு நல்ல துணை. விசைப்பலகைக்கு அருகில் அளவீட்டுக் கருவிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் துணையாகியிருக்கும். அந்தப் பத்தி எழுதப்படும் வரை, வாசிப்புக் குறிப்பேட்டில் வெப்பநிலை, அழுத்தம் குறிக்கும் இடத்தில், கருவி விழித்திருந்ததா என்பதையும் ஒரு வரியாகக் குறிப்போமாக.